ஒளிக்கோடும் உலர்ந்த காற்றும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதுவோர் மழைக்குறைவிலிருந்து தொடங்குவது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தக் கரிசல் பூமி, ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை, அதிலும் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகை அடைமழையாகவே பெறுவதால், மற்ற மாதங்களில் காற்று உலர்ந்தும் வெயில் உறைத்தும் இருக்கிறது. தீக்குச்சி முனையும் பட்டாசு மருந்தும் களத்தில் காய்வதற்கு அதுவே தோதாக அமைந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் ஊரில் ஆலை தொடங்கியதும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் போர்க்கால இறக்குமதித் தடையும் பட்டாசுத் தொழிலுக்கு வழி திறந்ததும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. அதே வறட்சி, நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள கொடைக்கானல் மலைமேல் வேறொரு கலைக்குக் காரணமாயிற்று என்பதும், ஒளிரும் வாயுவின் ஒளியைப் பிரித்து அதன் இயல்பையும் வேகத்தையும் அறியும் அந்தக் கலை பின்னாளில் இன்னும் உலர்ந்த காற்றைத் தேடித் தமிழகத்தை விட்டே வெளியேற நேர்ந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படாதவை.

இரண்டு கலைகளுக்கும் அடிப்படை விதி ஒன்றே. பட்டாசு ஆலையில் பேன்சி ரகங்களுக்கு நிறமூட்டச் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பையும், மஞ்சளுக்குச் சோடியம் சேர்மத்தையும், நீலத்துக்குத் தாமிரச் சேர்மத்தையும் மருந்தில் கலக்கின்றனர்; பச்சைக்குப் பேரியம் நைட்ரேட்டைக் கலந்துவந்தனர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பேரியம் நைட்ரேட்டுக்குத் தொழிலாளர் வழக்கில் பச்சை உப்பு என்றே பெயர். வெப்பத்தால் தூண்டப்பட்ட ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை உமிழ்வதால்தான் இந்த நிறங்கள் உண்டாகின்றன. நிறமாலை என்பது ஒளியை அலைநீள வரிசையில் விரித்துக் கிடத்திய பட்டை; அதில் சோடியம் 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு கூரிய கோடுகளாகத் தெரியும். வாணத்தின் பச்சையும் சிவப்பும் நீலமும் பெரும்பாலும் தனி அணுக்களிலிருந்து வராமல், குளோரினோடு சேர்ந்த பேரியம், ஸ்ட்ரான்சியம், தாமிர மூலக்கூறுகளிலிருந்து வருவதால், அவை கோடுகளாக இல்லாமல் அகன்ற பட்டைகளாகவே அமைகின்றன. வெப்பம் மிகுந்தால் தாமிரத்தின் மூலக்கூறு சிதைந்துவிடும் என்பதால் நல்ல நீலம் கிடைப்பது இன்றும் கடினம். கண்ணுக்கு விருந்தாகும் அந்தப் பட்டை ஆய்வாளருக்கு அவ்வளவாக உதவாது. கோடு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு நுட்பமாக அதன் இடப்பெயர்ச்சியை அளக்க முடியும் என்பதால், விண்வெளியின் அடர்த்தி குறைந்த வாயுவே இந்தக் கலைக்கு உகந்தது.

ஹைடல்பெர்க் நகரில் 1859, 1860 ஆண்டுகளில் இயற்பியலாளர் கிர்க்காஃபும் வேதியியலாளர் புன்சனும் தனிமங்களின் கோடுகளை வகைப்படுத்தியபோது, தொலைவில் இருந்த மன்ஹைம் நகரில் எரிந்த தீயைத் தம் கருவியால் நோக்கி, அதில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருப்பதைக் கண்டனர் என்று சொல்லப்படுவதுண்டு. பட்டாசுக்காரரின் இரண்டு முதன்மை உப்புகளே தொலைநிறமாலை ஆய்வின் தொடக்கக் கதையில் இடம்பெறுவது தற்செயல்தான் என்றாலும், தென்தமிழக வாசகருக்கு அது சற்றுச் சுவையான தற்செயல்.

இந்தியாவுக்கு இக்கலை ஒரு கிரகணத்தின் வழியே வந்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்திலும், அவருடைய உதவியாளரும் 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவருமான சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலும் நோக்கினர். சூரிய விளிம்பிலிருந்து எழும் செந்தழல்கள் ஒளிர்கோடுகளைக் காட்டியதால் அவை வாயுவே என்பது அன்று உறுதியாயிற்று. அவற்றின் மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்துக்குச் சற்றுத் தள்ளி 587.6 நானோமீட்டரில் இருப்பது பின்னர்த் தெளிவாகி, ஆங்கில வானியலாளர் லாக்கியர் அதைப் புதிய தனிமத்துக்கு உரியதெனக் கொண்டு ஹீலியம் என்ற பெயர் நிலைபெற வழிசெய்தார். பூமியில் அத்தனிமம் கிடைத்தது 1895இல்தான். அதே 1868இல் இங்கிலாந்தில் ஹக்கின்ஸ், சிரியஸ் விண்மீனின் கோடுகள் சற்று இடம் மாறியிருப்பதைக் கொண்டு அதன் வேகத்தைக் கணிக்க முயன்றார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடு குறுகிய அலைநீளமான நீலப் பக்கமும், விலகிச் சென்றால் நீண்ட அலைநீளமான சிவப்புப் பக்கமும் நகரும் என்பதே டாப்ளர் விளைவு. பொருளை அறிவதற்கென்று பிறந்த கருவி அதன் ஓட்டத்தையும் அளக்கும் கருவியானது இவ்விளைவால்தான்.

கொடைக்கானல் வானாய்வகத்தின் தோற்றத்துக்குப் பின்னணியில் பஞ்சம் இருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876-78 கொடுமை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பின், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியப்புள்ளிகளின் ஏற்றத்தாழ்வுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்று, சூரியனை நாள்தோறும் நோக்க வேண்டும் என்ற பரிந்துரை எழுந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து, பின் அரசு வானியலாளரான மிச்சி ஸ்மித் பழனி மலையைத் தேர்ந்தெடுக்க, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணிகள் அங்கு மாற்றப்பட்டு, 1901இல் முறையான நோக்கல்கள் தொடங்கின. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், மேகம் திரளுமுன் காலைப் பொழுதில் கிடைக்கும் தெளிந்த வானமே அந்த இடத்தின் சொத்து. மழையை முன்னறிவது என்ற முதல் நோக்கம் கடைசிவரை கைகூடவில்லை. கரிசல் சம்சாரிக்கு அந்த ஆய்வகத்தால் ஒரு பாட்டம் மழைகூட முன்கூட்டித் தெரியவில்லை. ஆனால் எதிர்பாராத வேறொன்று அங்கே கிடைத்தது.

1907இல் உதவி இயக்குநராக வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துத் திருத்தும் பழக்கம் உடையவர். உடன் வந்த அவர் மனைவி மேரி ஆக்வர்த் ஆர் தாமும் வானியல் அறிந்தவர், தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றி நூல் எழுதியவர். சூரியப்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை அமெரிக்காவில் ஹேல் 1908இல் நிறுவியிருந்தார். புள்ளி என்பது சுழற்காற்றைப் போல வாயு சுழலும் இடமாக இருக்கலாம் என்ற கருத்து அப்போது பரவியிருந்தது. சுழற்சி உண்டானால், புள்ளியின் ஒரு பக்கத்தில் வாயு நம்மை நோக்கியும் மறு பக்கத்தில் விலகியும் ஓட வேண்டும் என்பதால், கோடுகள் அதற்கேற்ப இரு திசையிலும் நகர்ந்திருக்க வேண்டும்.

1909 ஜனவரி 5 அன்று எவர்ஷெட் எடுத்த நிறமாலைப் படங்களில் கோடுகள் நகர்ந்துதான் இருந்தன. ஆனால் சுழற்சி கேட்ட இடத்தில் அல்ல. நிறமாலைக் கருவியில் ஒளி நுழையும் குறுகிய பிளவைப் புள்ளியின் மேல் எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. சூரிய வட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் செல்லும் ஆரத்தின் திசையில் பிளவைக் கிடத்தியபோது, புள்ளியின் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த சாம்பல் நிறப் புறநிழலில் வாயு ஒளியை உறிஞ்சுவதால் உண்டாகும் கருங்கோடுகள் சாய்ந்து காணப்பட்டன: விளிம்புப் பக்கத்தில் சிவப்பை நோக்கியும், மையப் பக்கத்தில் நீலத்தை நோக்கியும். அதற்குச் செங்குத்தாகப் பிளவைத் திருப்பியபோது சாய்வு மறைந்தது. சுழற்சியாயின் அங்கேதான் சாய்வு தோன்றியிருக்க வேண்டும். புள்ளி வட்டின் நட்டநடுவே வந்தபோதோ எந்தத் திசையிலும் நகர்ச்சி இல்லை. இந்த மூன்றையும் ஒருசேர விளக்கும் ஓட்டம் ஒன்றுதான்: வாயு சூரியப் பரப்புக்கு இணையாக, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிப் பாய்கிறது.

அளந்த அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த வேலையின் அருமை புரியும். அந்த வாயு பாயும் வேகமான விநாடிக்கு 2 கிலோமீட்டர் என்பது ஒளியின் வேகத்தில் ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கு. 600 நானோமீட்டர் அலைநீளமுள்ள கோடு அதனால் 0.004 நானோமீட்டர் மட்டுமே நகரும். ஒளிப்படத் தகட்டில் பதிந்த அந்த நகர்ச்சியை நுண்ணோக்கி வைத்து, கோடு கோடாக அளந்து, பட்டியலிட வேண்டும். சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் முதலிய உதவியாளர்களின் அன்றாட உழைப்பின்மேல்தான் கொடைக்கானல் அறிக்கைகள் நின்றன. கண்டுபிடிப்புக்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர் சூட்டிய உலகம் அவர்களை நினைவில் வைக்கவில்லை. பின்னர், உயரமான அடுக்குகளில் உருவாகும் கோடுகளில் ஓட்டம் தலைகீழாகி வாயு உள்நோக்கிச் செல்வதும் தெரியவந்தது. 1911இல் இயக்குநராகிய எவர்ஷெட், இன்னும் நிலையான காற்றைத் தேடி 1915-16இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தற்காலிக ஆய்வகம் அமைத்துச் சூரியனை நோக்கினார். சிவகாசியில் தீப்பெட்டி ஆலை எழுந்த 1923இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

எவர்ஷெட்டின் பணியைச் சூரிய இயற்பியலின் ஓர் அத்தியாயமாக மட்டும் வைத்துப் பார்ப்பது வழக்கமாக இருக்கிறது. ஒரு விண்மீனில் வாயு எந்தத் திசையில், எந்த வேகத்தில் வெளியேறுகிறது என்பதைக் கோட்டின் சாய்விலிருந்து வடிவத்தோடு சேர்த்து மீட்டெடுத்த முறை என்று அதைக் கொண்டால், இளம் விண்மீன்களின் வாயு வெளிப்பாய்வை இன்று ஆராய்வோரின் வேலைக்கு அது நேரடி முன்னோடி என்பது தெளிவாகும். காரணங்கள் வேறு, அளவுகள் வேறு, தர்க்கம் அதுவே.

கொடைக்கானலில் 1960இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானத்துக்கென ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், அவர் மறைவுக்குப் பின் 1986 ஜனவரியில் அவர் பெயரே சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. தமிழ்நாட்டு மலைகளின் நிறமாலைக் கலை அத்துடன் முதிர்ச்சி அடைந்தது எனலாம். ஆனால் அதே காலத்தில் வானியலின் ஆவல் கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தாண்டி, 1800இல் வில்லியம் ஹெர்ஷெல் வெப்பமானியால் கண்ட அகச்சிவப்பை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் தூசு. விண்மீன்கள் பிறப்பது குளிர்ந்த, தூசடர்ந்த வாயு முகில்களுக்குள். பிறந்த விண்மீனை அந்தத் தூசே மூடி மறைக்கிறது. புலப்படும் ஒளியைப் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்துவிடும் தூசுத்திரை, 2.2 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகவே குறைக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திரையை ஊடுருவும் இந்த ஒளியில்தான் வெளிப்பாய்வின் கோடுகளும் இருக்கின்றன: அதிர்வலையால் சூடேறிய ஹைட்ரஜன் மூலக்கூறு 2.122 மைக்ரானிலும், அயனியாகிய இரும்பு 1.644 மைக்ரானிலும், சூடான ஹைட்ரஜன் அணு 2.166 மைக்ரானிலும் கோடு தருகின்றன. இரும்பின் கோடு, அணுக்கள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதாத, மிக அடர்த்தி குறைந்த வாயுவில் மட்டுமே வலுப்பெறுவது. அதனால் பாய்வின் வேகமான நடுத்தாரையை அது காட்டுகிறது, மூலக்கூறு அதைச் சூழ்ந்த மெதுவான வாயுவைக் காட்டுகிறது.

இளம் விண்மீன்களில் இத்தகைய வெளிப்பாய்வு உண்டு என்பது மெல்லத்தான் உணரப்பட்டது. 1890இல் பர்னம் ஓர் இளம் விண்மீனுக்கு அருகில் சிறு ஒளித்திட்டைக் கண்டார். அவ்வகைத் திட்டுகளை 1940களின் பிற்பகுதியில் ஹெர்பிக்கும் ஆரோவும் தனித்தனியே ஆராய்ந்தனர். 1980இல் ஸ்னெல்லும் அவர் கூட்டாளிகளும் ரேடியோ அலைகளில் கார்பன் மோனாக்சைடை நோக்கி, ஒரே விண்மீனின் இரு எதிர்த் திசைகளில் வாயு பாய்வதைக் காட்டிய பின்பே அத்திட்டுகள் பாய்வு முட்டி ஒளிரும் இடங்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்டது. சிவகாசிக்காரர் இதைப் புஸ்வாணத்துக்கு ஒப்பிட்டால் தோற்றத்தில் பிழையில்லை, இயக்கத்தில் பிழை உண்டு. புஸ்வாணத்தில் மருந்து எரிந்து உண்டாகும் அழுத்தம் பொறியை வாய்வழியே தள்ளுகிறது. இளம் விண்மீனிலோ தள்ளுவது வெடிப்பு அல்ல. அதைச் சுற்றிச் சுழலும் வாயுத்தட்டில் வேரூன்றிய காந்தப்புலம் வாயுவின் ஒரு பகுதியை வெளியே வீசுகிறது. அப்படி வீசப்படும் வாயு தட்டின் சுழற்சி உந்தத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்வதால்தான் எஞ்சிய வாயு உள்ளே விழுந்து விண்மீன் வளர முடிகிறது. இந்த வெளியேற்றம் இல்லாவிடில் தட்டு சுழன்றுகொண்டே இருக்குமேயன்றி விண்மீனுக்கு இரை கிடைக்காது.

இத்தகைய அகச்சிவப்புக் கோடுகளை அளக்க முயலும்போது வறட்சி மீண்டும் முதன்மை பெறுகிறது. காற்றில் உள்ள நீராவி அகச்சிவப்பின் பல பகுதிகளை விழுங்கிவிடுவதால், 1.25, 1.65, 2.2 மைக்ரான் ஆகியவற்றைச் சுற்றி உள்ள சில சாளரங்களின் வழியே மட்டும் ஒளி தரைக்கு வருகிறது. சிவகாசிக் களத்தில் உணரப்படும் வறட்சி தரையோடு ஒட்டியது. ஆலைக்குள் ஈரம் புகுந்தால் அலுமினியப் பொடி கலந்த மருந்து தானே சூடேறித் தீப்பற்றும் என்பதால் தொழிலுக்கு அந்த அளவு வறட்சியே உயிர்நாடி. வானியலாளருக்கு வேண்டியது தலைக்குமேல் வளிமண்டலம் முழுவதும் வறண்டிருப்பது. ஓர் இடத்தின் மேலுள்ள நீராவி அனைத்தையும் தண்ணீராக்கித் தேக்கினால் தமிழகச் சமவெளியில் அது பல சென்டிமீட்டர் உயரம் நிற்கும்; கொடைக்கானலின் பனிமூட்டமும் காவலூரின் ஈரக்காற்றும் இதற்கு உதவுவனவாக இல்லை. எனவே இந்திய அகச்சிவப்பு வானியல் வேறு இடங்களில் வேர் பிடித்தது: டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மீட்டர் தொலைநோக்கியை ஐதராபாதிலிருந்து பலூனில் ஏற்றி வளிமண்டலத்தின் பெரும்பகுதிக்கு மேலே அனுப்பியது, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் அபு மலையில் 1.2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது; கொடைக்கானலின் வாரிசான இந்திய வான்இயற்பியல் நிறுவனம், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கியை அமைத்து, அதைப் பெங்களூருக்கு அருகில் ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியே இயக்குகிறது. ஹான்லேயின் நல்ல இரவுகளில் தலைக்குமேல் உள்ள நீராவி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஹான்லே இயங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் ஒரு நல்வாய்ப்பு கிட்டியது. 2004 ஜனவரியில் அமெரிக்காவில் மெக்நீல் என்ற அமெச்சூர் வானியலாளர், ஒரையன் பகுதியில் முன்பு இல்லாத ஒளிமுகில் ஒன்றைச் சிறு தொலைநோக்கியால் கண்டார். அதன் அடியில் வி1647 ஒரையனிஸ் என்ற இளம் விண்மீன், தட்டிலிருந்து திடீரென மிகுதியான வாயு விழுந்ததால் பலமடங்கு ஒளிர்ந்திருந்தது. அது மங்கி, 2008இல் மீண்டும் ஒளிர்ந்தது. டாட்டா நிறுவன வானியலாளர் குழு ஹான்லேயிலிருந்து இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, ஹைட்ரஜன் கோட்டின் நீலப் பக்கத்தில் ஒரு பள்ளத்தைப் பதிவுசெய்தது. விண்மீனுக்கும் நமக்கும் இடையே நம்மை நோக்கி வரும் வாயு ஒளியை உறிஞ்சுவதால் உண்டாகும் அந்தப் பள்ளம், வெளிப்பாய்வின் நேரடிச் சான்று. 2013இல் 1 முதல் 2.5 மைக்ரான் வரை அளக்கும் டிர்ஸ்பெக் என்ற அகச்சிவப்பு நிறமாலைக் கருவி அதே தொலைநோக்கியில் பொருத்தப்பட்டது. அதன் பகுதிறன் சுமார் 1,200. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேக வேறுபாட்டையே அது பிரித்துக் காட்டும். நூறாண்டுக்கு முன் கொடைக்கானலில் அளந்த 2 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் இது பின்னடைவு போலத் தோன்றும். ஆனால் சூரியன் ஒளியை வாரி வழங்கும் விண்மீன். ஒரையனின் தூசுக்குள் மறைந்த விண்மீனிலிருந்து கருவிக்குக் கிடைக்கும் ஒளியோ சொட்டுச்சொட்டாக வருவது, அதை மேலும் மேலும் விரித்தால் பதிவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்தத் தேட்டத்தின் அடுத்த கட்டம் காற்றே இல்லாத இடத்தில் நிகழ்கிறது. 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு, டாட்டா நிறுவனத்தினரும் பங்கேற்ற பன்னாட்டுக் குழு ஐந்து முதிராத விண்மீன்களை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்று ஒஃபியூகஸ் முகிலில், 450 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனின் பொருண்மையில் ஏழில் ஒரு பங்கு அளவே திரண்டுள்ள மங்கலான ஒன்று. அதன் தாரை இதற்கு முன் யாருக்கும் தென்படவில்லை. 2024இல் வெளிவந்த ஆய்வில் இரும்பு, நியான், நிக்கல் ஆகியவற்றின் கோடுகள் ஒடுங்கிய தாரையைக் காட்டின. அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 170 கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டது. வெப் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவிகள் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலையை ஒரே வேளையில் பதிவுசெய்பவை. ஆகவே பிளவை ஆரத்தின் திசையில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று திருப்பித் திருப்பி வைக்கும் தேவை இப்போது இல்லை.